கொடியிலிருந்து கிண்ணம் வரை

சில ஆண்டுகளுக்கு முன் கரையோரத்துப் பங்கு ஒன்றில் பணியாற்றிக் கொண்டிருந்தேன். அப்பங்கின் கீழ் ஒரு சிறிய துணை ஆலயம். மாதத்திற்கு ஒருமுறை மட்டுமே அங்கு திருப்பலி நடைபெறும். பங்குனி மாதத்து ஞாயிறு ஒன்றில், திருவுடை அணியும் அறையின் அலுமாரியைத் திறந்து, சென்ற மாதம் பாதி மீதியாய் வைத்துச் சென்ற திராட்சை இரசப் போத்தலை எடுத்தேன். தக்கை சரியாக அடைக்கப்பட்டிருக்கவில்லை. சிறு குப்பியில் வார்க்கும்போதே மூக்கைத் துளைக்கும் புளித்த வாடை எழுந்தது. அது இரசமாய் இருக்கவில்லை, வினாகிரியாய் மாறிவிட்டிருந்தது.

மக்கள் ஆலயத்தில் நிறைந்திருந்தனர். இளைஞர் ஒருவரை மோட்டார் சைக்கிளில் அயற்பங்கிற்கு அனுப்பினேன். அவர் வேறு போத்தலோடு திரும்ப ஒரு மணித்தியாலம் ஆயிற்று. அதுவரை மக்கள் செபமாலை சொல்லிக் காத்திருந்தனர். அடைக்காமல் விட்டதும் நானே, முதல் நாளே பார்க்காமல் விட்டதும் நானே.

திருப்பலி முடிந்தபின், எப்போதும் ஆலய வாசலருகே நிற்கும் ஒரு கடற்றொழிலாளர் என்னிடம் வந்தார். "சுவாமி, எட்டு வருசமா நான் குடிக்கிறதில்லை. குடியாலை என்ரை வள்ளமும் போச்சு, வீடும் போச்சு. இண்டைக்கு அது இல்லாமல் பூசையே நிண்டு போச்சு. எங்களை அழிக்கிற சாமானை ஏன் சுவாமி பீடத்திலை வைக்கிறியள்?" என்று கேட்டார்.

"ஆண்டவர் தாமே தெரிந்தெடுத்தது, ஐயா" என்றேன். "ஓம், சுவாமி" என்று தலையசைத்துவிட்டு நடந்தார். நான் சொன்னது உண்மைதான். ஆனால் அவர் கேட்டதற்கு அது விடையாகவில்லை என்பதை அவரும் அறிவார், நானும் அறிவேன்.

குருமடத்திலே நற்கருணை இறையியலை ஆண்டுக்கணக்கில் கற்றோம். ஆனால் கிண்ணத்தில் வார்க்கப்படும் அப்பொருள் எவ்வாறு உண்டாகின்றது, எவ்வாறு கெடுகின்றது என்பதை எவரும் கற்பிக்கவில்லை, நானும் கேட்டதில்லை. அந்த ஞாயிறுக்குப் பின்னரே அதைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அன்பார்ந்த வாசகர்களே, அவ்வாறு கற்றவற்றுள் சிலவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

பனையடியில் ஒரு பாடம்

'திராட்சை இரசம்' என்னும்போது நம்மவர் பலரது மனத்தில் தோன்றுவது பழத்தைப் பிழிந்தெடுத்த இனிய சாறே. தமிழில் இரசம் என்பதற்குச் சாறு என்பதே பொருளாதலால் இம்மயக்கம் இயல்பானது. ஆயினும் திருநூல் கூறும் திராட்சை இரசம் நொதித்த இரசமாகும்.

நொதித்தல் என்பதை விளங்கிக்கொள்ள நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. பனையின் பாளையிலிருந்து வடியும் சாறு, உட்புறம் சுண்ணாம்பு பூசிய முட்டியில் விழுந்தால் கருப்பநீராய் இனிக்கின்றது. அதைக் காய்ச்சிப் பனங்கட்டி செய்கின்றோம். அதே சாறு சுண்ணாம்பில்லாத முட்டியில் விழுந்தால் சில மணி நேரத்திலேயே நுரைத்துக் கள்ளாகின்றது. அக்கள்ளை நாட்கணக்கில் திறந்தபடி விட்டால் அதுவும் புளித்து வினாகிரியாகின்றது. ஒரே மரத்துச் சாறுதான். அதற்கு அளிக்கப்படும் காவலைப் பொறுத்து மூன்று கதிகள் உண்டாகின்றன.

திராட்சைக்கும் இதுவே விதி. மதுவம் எனப்படும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணங்கி சாற்றிலுள்ள சீனியை உண்டு, அதனை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டு வாயுவாகவும் மாற்றுகின்றது. நீண்டகாலம் இது ஒரு புதிராகவே இருந்தது. பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் 1857 ஆம் ஆண்டு முதல் மேற்கொண்ட ஆய்வுகளால், நொதித்தல் என்பது உயிருள்ள நுண்ணங்கிகளின் வேலை என நிலைநாட்டினார். இரசத்தைக் கெடுப்பவையும் வேறு நுண்ணங்கிகளே என்பதை 1866 இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். இரசத்தை அளவாகச் சூடாக்கினால் அது கெடாது என அவர் கண்ட வழியே இன்று பாலைக் காக்கும் பாஸ்டர் முறையாகும். அமெரிக்காவில் மெதடிஸ்த சபையைச் சேர்ந்த தோமஸ் வெல்ச் என்பவர் 1869 இல் இதே முறையைக் கையாண்டு நொதிக்காத திராட்சைச் சாற்றைப் போத்தலில் அடைத்தார். மதுவை விலக்கும் சபைகளின் திருவிருந்துக்கெனவே அவர் அதனைச் செய்தார். ஆகவே அந்தக் கடற்றொழிலாளரின் கேள்வி அவருக்கு மட்டும் எழுந்த கேள்வியன்று.

ஒரு லீற்றர் சாற்றில் 17 கிராம் சீனி நொதித்தால் ஏறத்தாழ 1 வீத மதுசாரம் உண்டாகும். நன்கு கனிந்த திராட்சையின் சாற்றில் லீற்றருக்கு 220 கிராம் அளவில் சீனி இருப்பதால், சாதாரண இரசம் 12 முதல் 14 வீத மதுசாரம் கொண்டதாய் அமைகின்றது. அத்தோடு அந்த ஒரு லீற்றரிலிருந்து 40 லீற்றருக்கும் அதிகமான வாயு வெளிப்படுகின்றது. புது இரசத்தைப் பழைய தோற்பைகளில் எவரும் ஊற்றி வைப்பதில்லை என ஆண்டவர் கூறியது (மாற்கு 2:22) இதனாலேயே. புதிய தோல் வாயுவின் அழுத்தத்திற்கு ஈடுகொடுத்து விரியும். ஏற்கெனவே விரிந்து விறைத்துப்போன தோல் கிழியும். நாசரேத்தூர்த் தச்சர் தம் மக்களின் அன்றாட வேலைகளை எவ்வளவு கூர்ந்து நோக்கியிருக்கின்றார்!

கசக்கிப் பிழிதலும் காத்திருத்தலும்

இரசம் ஆக்கும் முறையைச் சுருங்கக் கூறலாம். கனிந்த குலைகளை அறுத்து, காம்பு நீக்கி, பழத்தை நசுக்குவர். சிவப்பு இரசமாயின், சாற்றோடு தோலும் விதையும் சேர்ந்தே நொதிக்க விடப்படும். நிறம் தோலிலிருந்தே இறங்குகின்றது. கறுத்த திராட்சையிலும் பெரும்பாலான இனங்களுக்கு உட்சாறு வெளிறியதே. வெள்ளை இரசமாயின், நசுக்கியவுடன் பிழிந்து தோலை நீக்கிவிட்டுச் சாற்றை மட்டும் நொதிக்க விடுவர். கறுத்த பழத்தின் தோல் சில மணி நேரம் மட்டும் சாற்றோடு இருந்தால் ரோஜா நிற இரசம் கிடைக்கும்.

சிவப்பு இரசம் பொதுவாக 25 முதல் 30 பாகை வெப்பத்திலும், வெள்ளை இரசம் அதனிலும் குளிர்ந்த நிலையிலும் நொதிக்கின்றது. சீனி தீர்ந்ததும் மதுவம் இறந்து அடியில் மண்டியாய்ப் படிகின்றது. தெளிந்த இரசத்தை மண்டியிலிருந்து பிரித்து வேறு கலனுக்கு மாற்றுவர். பின்பு உருக்குத் தொட்டியிலோ ஓக் மரப் பீப்பாயிலோ மாதக்கணக்கில், சிலபோது ஆண்டுக்கணக்கில் வைத்துக் காப்பர். அக்காலம் முழுவதும் கலன் நிறைந்திருக்க வேண்டும். குறையும்போதெல்லாம் நிரப்புவர். வெற்றிடம் இருந்தால் அங்கே காற்று புகும். காற்றிலுள்ள ஒட்சிசன் கிடைத்தால் ஒருவகைப் பற்றீரியா மதுசாரத்தை அசற்றிக்கமிலமாக, அதாவது வினாகிரியாக மாற்றிவிடும். பாதி வெறுமையாய் விடப்பட்ட எனது போத்தலில் நிகழ்ந்தது இதுவே.

இவ்வேலை கொடியிலேயே தொடங்கிவிடுகின்றது. சென்ற ஆண்டுக் கிளையில் இவ்வாண்டு தளிர்க்கும் தளிரிலேயே பழம் பிடிக்கும். ஆகவே ஆண்டுதோறும் முன்னாண்டு வளர்ச்சியில் பத்தில் ஒன்பது பங்கு வரை தோட்டக்காரர் வெட்டி நீக்குகின்றார். குளிர்காலமற்ற நமது யாழ்ப்பாணத்துப் பந்தல்களிலும் கத்தரித்த பின்னரே கொடி பூக்கின்றது. கனிதரும் கிளையையும் தந்தை கழித்துவிடுகின்றார் என்னும் யோவான் 15 ஆம் அதிகாரத்துக் கூற்றைத் தண்டனையாக எண்ணி அஞ்சுவோர் உண்டு. கொடி வளர்ப்பவருக்கோ அது பேணுதலின் முதல் வேலை.

இனங்களும் ஊர்களும்

உலகின் இரசத்தில் மிகப் பெரும்பங்கு 'விற்றிஸ் வினிபெரா' என்னும் ஒரே திராட்சை இனத்திலிருந்து வருகின்றது. அதனுள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் வணிக அளவில் பயிராகின்றன. விதையிலிருந்து முளைக்கும் கன்று தாய்க்கொடியின் குணத்தை அப்படியே கொண்டிராது. எனவே வெட்டிய கிளைத் துண்டை நட்டே வகையைக் காக்கின்றனர். 1860 களில் அமெரிக்காவிலிருந்து வந்த பிலொக்செரா என்னும் வேர்ப்பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தது. அதைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கிளையை ஒட்டுக்கட்டியே தோட்டங்களை மீட்டனர். இன்றும் பெரும்பாலான கொடிகள் மற்றொன்றின் வேரிலேயே உயிர் வாழ்கின்றன.

சிவப்பு வகைகளில் கபர்னே சொவின்யோன், மெர்லோ, பினோ நுவார், சிரா ஆகியன பெயர்பெற்றவை. வெள்ளையில் சார்டொனே, சொவின்யோன் பிளாங், ரீஸ்லிங், மணமிக்க மஸ்கட் ஆகியவற்றைக் குறிப்பிடலாம். கபர்னே சொவின்யோன் என்பது கபர்னே பிராங் என்னும் சிவப்பு வகையும் சொவின்யோன் பிளாங் என்னும் வெள்ளை வகையும் இயல்பாய்க் கலந்து பிறந்தது என்பதை 1997 இல் கலிபோர்னியாவில் நடந்த மரபணு ஆய்வு காட்டியது. பிரான்சில் போத்தலின் மேல் பெரும்பாலும் ஊரின் பெயரே காணப்படும். பர்கண்டிச் சிவப்பு என்றால் பொதுவாகப் பினோ நுவார். சப்லி என்றால் சார்டொனே. அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் திராட்சையின் பெயரையே பொறிப்பர். அங்கே சிரா, 'சிராஸ்' எனப்படுகின்றது.

இக்கொடிகளின் வரலாற்றில் துறவிகளின் கைவண்ணம் பெரிது. 1098 இல் பர்கண்டிப் பகுதியின் சித்தோவில் தோன்றிய சிஸ்தேர்சியன் துறவிகள் வூஜோவில் மதில் சூழ்ந்த தோட்டம் அமைத்தனர். ஒரே வகைக் கொடியும் மண்ணுக்கு மண் வேறு சுவை தருவதைத் தலைமுறை தலைமுறையாய்க் கவனித்தவர்களில் அவர்கள் முதன்மையானவர்கள். மண், வெயில், மழை, சரிவு அனைத்தும் சேர்ந்து இரசத்தில் பதிக்கும் அடையாளத்தைப் பிரெஞ்சு மொழியில் 'தெர்வார்' என்பர். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சிஸ்கன் துறவிகள் கலிபோர்னியாவில் திருப்பலிக்கென நட்ட 'மிஷன்' திராட்சை, ஸ்பெயினின் லிஸ்தான் பிரியெத்தோ என்னும் வகையே என்பது 2007 இல் தெரியவந்தது. அவுஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் உள்ள செவன்ஹில்லில் ஒஸ்திரியாவிலிருந்து வந்த இயேசு சபையினர் 1851 இல் திருப்பலி இரசத்துக்காகக் கொடி நட்டனர். பெத்லகேமுக்கு அருகே கிரெமிசானில் 1885 இல் தொடங்கப்பட்ட சலேசியர்களின் இரச ஆலையில் தபூக்கி, ஹம்தானி, ஜந்தாலி, பலதி எனும் பாலஸ்தீன மண்ணின் சொந்த வகைகள் பயன்பட்டு வந்துள்ளன.

நாவறியும் சொற்கள்

இரசத்தைப் பற்றிப் பேசுவோர் கையாளும் சொற்கள் சில நம்மை மலைக்கச் செய்யும். அவற்றுள் அடிப்படையானவை நமது நாவுக்கும் தெரிந்தவையே. 'உலர்ந்த' இரசம் என்றால் சீனி முழுவதும் நொதித்துத் தீர்ந்த, இனிப்பற்ற இரசம் என்பது பொருள். நொதித்தலை இடையில் நிறுத்தினால் இனிப்பு எஞ்சும். புளிப்பு என்பது தேசிக்காயைக் கடித்தாற்போல் வாயூறச் செய்யும் அமிலத்தன்மை. அது குறைந்தால் இரசம் சோர்ந்துபோகும். அளவாய் இருந்தால் நெடுநாள் நிற்கும். தனின் என்பது தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கும் துவர்ப்பு. கடுஞ்சாயமாய் ஊற்றிய வெறுந்தேநீர் நாவை உலர்த்துவதும் அதேவகைச் சத்தினாலேயே. 'உடல்' என்பது வாயில் உணரும் கனம். இளநீருக்கும் பாலுக்கும் உள்ள வேறுபாட்டை நினைத்தால் இது விளங்கும். 'வின்ரேஜ்' என்பது பழம் அறுத்த ஆண்டு. திராட்சையிலிருந்து வடித்தெடுத்த மதுசாரம் சிறிது சேர்த்து வலுவூட்டியதை 'வலுவூட்டிய இரசம்' என்பர். மதுசாரம் மிகுந்த அதில் வினாகிரிப் பற்றீரியா எளிதில் வளராது. ஆதலால் வெப்ப நாடுகளில் அது நீடித்து நிற்கும். என் போத்தலில் இருந்ததோ 11 வீத மதுசாரமே கொண்ட மெல்லிய இரசம்.

சொற்களை அறிவது நல்லது. ஆயினும் கானாவூர்த் திருமணத்தில் பந்தி மேற்பார்வையாளர் சுவை பார்த்து நல்ல இரசம் என உடனே கண்டுகொண்டார். அது எங்கிருந்து வந்தது என்பது அவருக்குத் தெரியவில்லை. சாடிகளில் தண்ணீரைச் சுமந்து நிரப்பிய பணியாளருக்கே தெரிந்திருந்தது. சுவையை அறிந்தவர் ஒருவர், ஊற்றை அறிந்தவர்கள் வேறு சிலர். இந்த வேறுபாட்டைப் பீடத்தில் நிற்கும் நாம் மறக்கலாகாது.

திருச்சபை கேட்பது

1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 924 ஆவது சட்டம் திருப்பலி இரசம் குறித்துக் கேட்பது மிகச் சுருக்கமானது. அது திராட்சைக் கனியிலிருந்து இயல்பாய் உண்டானதாக இருக்க வேண்டும். கெட்டுப்போகாததாகவும் இருக்க வேண்டும். எந்த நாட்டது, என்ன நிறம், எவ்வளவு விலை என்னும் கேள்விகள் அங்கே இல்லை. 2004 இல் வத்திக்கான் வெளியிட்ட 'மீட்பின் அருட்சாதனம்' என்னும் அறிவுறுத்தல், இரசம் புளித்துப் போகாதபடி மிகக் கவனமாய்க் காக்கப்பட வேண்டும் எனத் தனியாகவே நினைவூட்டுகின்றது. வேறு பழங்களின் சாறோ, சீனியோ, வாசனைப் பொருளோ கலக்கலாகாது. வலுவூட்டுவதாயினும் திராட்சையிலிருந்து வடித்த மதுசாரமே ஏற்கப்படும். மொத்தம் 18 வீதத்தைத் தாண்டலாகாது.

மதுவால் தீங்குறுவோரையும் திருச்சபை மறந்துவிடவில்லை. மதுவுக்கு அடிமையாகி மீண்ட குருக்கள், ஆயரின் அனுமதியோடு 'முஸ்தும்' என்பதைப் பயன்படுத்தலாம் என விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2003 யூலையில் விடுத்த மடல் தெளிவுபடுத்தியது. முஸ்தும் என்பது நொதிக்கத் தொடங்கியவுடனேயே, குளிரூட்டல் போன்ற முறையால் அதன் இயல்பு மாறாமல் நிறுத்தப்பட்ட திராட்சைச் சாறு. பொதுநிலையினரைப் பொறுத்தவரை, அப்ப வடிவத்தில் மட்டும் நற்கருணை பெறுவோரும் கிறிஸ்துவை முழுமையாகவே பெறுகின்றனர் எனத் திரெந்து சங்கம் 1562 இல் போதித்தது. கிண்ணத்தைத் தவிர்ப்பவருக்கு எதுவும் குறைவதில்லை.

அந்த மனிதருக்கான விடை

இவ்வளவும் கற்றபின்பு அந்தக் கேள்வியிடம் மீண்டும் வந்தேன். எங்களை அழிக்கின்ற பொருளைப் பீடத்தில் ஏன் வைக்கின்றீர்கள்?

திருநூல் இரசத்தின் ஆபத்தை மறைக்கவில்லை. அதில் முதன்முதலாகத் திராட்சைத் தோட்டம் நட்டவர் நோவா. முதன்முதலாகக் குடித்து வெறித்துக் கிடந்தவரும் அவரே (தொடக்கநூல் 9). இரசம் மனித உள்ளத்தை மகிழ்விப்பதைத் திருப்பாடல் 104 போற்றுகின்றது. அதே இரசம் பாம்பைப் போல் தீண்டுவதை நீதிமொழிகள் 23 எச்சரிக்கின்றது. இவ்விரண்டையும் அறிந்தே ஆண்டவர் அதனைத் தெரிந்தெடுத்தார். நசுக்கப்பட்டு, தன்னுள்ளே கொதித்து, தெளிந்து, காவலில் நின்று, சிறிது அசட்டையாய் விட்டாலும் கெட்டுப்போகக்கூடிய பொருள் அது. மனித வாழ்வுக்கு இதனிலும் பொருத்தமான அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

இன்னுமொன்று. இறுதி இராவுணவில் கிண்ணத்தைக் கொடுத்தபின் ஆண்டவர் ஓர் உறுதி எடுத்தார். இறையாட்சியில் புதிதாய்ப் பருகும் நாள்வரை, கொடியின் கனியை இனிப் பருகுவதில்லை என்றார் (மாற்கு 14:25). கல்வாரியில் வெள்ளைப்போளம் கலந்த இரசத்தை நீட்டியபோது, நோவை மறக்கச் செய்யும் அப்பானத்தை அவர் ஏற்கவில்லை. இறுதியில் அவர் ஏற்றுக்கொண்டது படைவீரர் குடிக்கும் புளித்த இரசத்தையே (யோவான் 19:30). சட்டப்படி நான் பீடத்தில் வைக்க முடியாத அந்தக் கெட்ட இரசம் ஆண்டவரின் உதடுகளைத் தொட்டது. வினாகிரியை மீண்டும் இரசமாக்க எந்த மனிதக் கையாலும் இயலாது. ஆனால் புளித்துப்போனதையும் அவர் தள்ளிவிடவில்லை.

சில மாதங்களின் பின் அதே ஆலயத்தில் அவரைச் சந்தித்தபோது இதை அவருக்குச் சொன்னேன். "இனிக் குடியன் எண்டு ஆண்டவரும் சொன்னவரோ, சுவாமி?" என்று கேட்டார். "ஓம் ஐயா, பாடுபடுவதற்கு முதல் நாள் இரவு" என்றேன். அவர் நெடுநேரம் பேசாமல் நின்றார். அன்று திருப்பலியில் வாசலருகே நிற்காமல் உள்ளே வந்து அமர்ந்திருந்தார்.

இப்போது நான் சிறு போத்தல்களையே வாங்குகின்றேன். முதல் நாளே திறந்து மணம் பார்க்கின்றேன். காணிக்கைச் செபத்தில் கொடி தந்ததையும் மனித உழைப்பு தந்ததையும் சேர்த்துச் சொல்லும்போது, கத்தரிக்கோல் பிடித்த கைகளையும் பீப்பாயை நிரப்பிய கைகளையும் நினைக்கின்றேன். கிண்ணத்தைத் தொடாமல் எட்டு ஆண்டுகள் காத்துக்கொண்ட அந்தக் கைகளையும் நினைக்கின்றேன். நமது இல்லங்களிலும் அயலிலும் குடியை விட்டு எழ முயல்வோர் இருப்பின், அடுத்த ஞாயிறு கிண்ணம் உயர்த்தப்படும் வேளையில் அவர்களைப் பெயர் சொல்லி நினைப்போம். அவர்கள் வாசலருகே நின்றால், உள்ளே ஓர் இடம் விட்டு அமர்வோம்.